ஒராங்கியின் மறுபாதி

கராச்சியின் ஒராங்கியில் மக்களே சொந்தக் காசில் சாக்கடை போட்டுக்கொண்டார்களே, பிறகு மாநகராட்சி எதற்கு நிதி தர வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒராங்கியைப் பாதி மட்டும் படித்தவர்களின் கேள்வி இது.

1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம் அது. 20, 30 வீடுகள் உள்ள ஒரு சந்துதான் அதன் அலகு. சந்துக்காரர்களே ஒருவரைப் பொறுப்பாளராக்கினார்கள். அவர் வீடு வீடாகப் பணம் வசூலித்தார். திட்டக்காரர்கள் மட்டம் பார்த்து, வரைபடமும் மதிப்பீடும் போட்டுக்கொடுத்து, கருவிகளை இரவல் தந்தார்கள். ஒப்பந்ததாரர் இல்லாததால் செலவு பல மடங்கு குறைந்தது. இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் கழிப்பறை, சந்துக் குழாய், அவற்றைச் சேர்க்கும் பகுதிக் குழாய் வரைதான் மக்கள் பங்கு. பெரிய கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பங்கு என்று அந்தத் திட்டமே பிரித்து வைத்திருந்தது. தினக்கூலிக்காரர் தன் வாசலில் பள்ளம் தோண்டுவார். ஊர்க் கழிவெல்லாம் விழும் ஓடையைக் கட்டி மூட அவரால் ஆகுமா? அரசு தன் பங்கைச் செய்யாவிட்டால் அந்தக் கழிவு அப்படியே அரபிக்கடலுக்குப் போகும். ஓடை அடைத்துக்கொண்டால் மழைநாளில் வீட்டுக்குள் திரும்பும்.

மக்கள் தங்கள் பங்கைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். மாநகராட்சி தன் பங்கைப் பட்ஜெட்டில் எழுதட்டும். எந்தச் சந்து எந்த ஓடையில் சேர்கிறது என்ற வரைபடத்தைக்கூட ஒராங்கி இளைஞர்களே போட்டு வைத்திருக்கிறார்கள்.