யார் வீட்டு ரெகுலேட்டர்?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவர் சின்னதாக பிளாஸ்டிக் பட்டறை வைத்திருக்கிறார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதத்தில் உள்ளே போனால் இட்லியாக வெளியே வரலாம். போன தடவை போயிருந்தபோது, மோட்டார் பக்கத்தில் நின்ற பையன் சுவரில் இருந்த ஒரு பெட்டியின் குமிழைத் திருகி 50ஐ 35 ஆக்கினான். இரைச்சல் தணிந்தது.

'என்னப்பா அது?'

'டிரைவு சார். ஹெர்ட்ஸைக் கொறச்சா வோல்ட்டும் கூடவே கொறையும். மோட்டார் சூடாவாது. கரன்ட்டும் மிச்சம்.'

ஐ.டி.ஐ. படித்த பையன். கம்ப்யூட்டர் பிராசஸருக்கும் கிட்டத்தட்ட இதே சமாசாரம்தான். அது வேலை செய்யச் செலவழிக்கும் மின்சாரம், ஹெர்ட்ஸோடு நேராக ஏறும்; வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 10 சதவிகிதம் குறைத்தால் 19 சதவிகிதம் மிச்சம். (நம்பாதவர்கள் 0.9ஐ 0.9 ஆல் பெருக்கிப் பார்க்கவும்.)

லேப்டாப்புகளுக்கு இன்டெல் இந்த வித்தையை 2000-ல் ஸ்பீட்ஸ்டெப் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2003-ல் வந்த லினக்ஸ் 2.6-ல் வேகத்தைத் தீர்மானிக்கும் பகுதிக்கு 'கவர்னர்' என்றே பெயர் வைத்தார்கள். அதில் ஒரு கவர்னர், முடிவை உபயோகிப்பவரிடமே விட்டுவிடுவார். கவர்னருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நண்பரின் லேப்டாப் கொதித்துக் கொதித்துத் தானாகவே வேகம் குறைந்து படுத்துக்கொண்டிருந்தது. அவர் அக்கா பையன் வோல்டேஜை ஒரு துளி குறைத்துக் கொடுத்தான். ஒரு வருஷம் சமர்த்தாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் 'பயாஸ் அப்டேட்' என்று வந்தது. ஓகே தட்டினார். அந்த வசதி காணாமல் போய்விட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால், 'செக்யூரிட்டி சார்.'

அது முழுப் பொய்யில்லை. 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், லூவன், கிராட்ஸ் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் 'பிளண்டர்வோல்ட்' என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். சரியான கணத்தில் வோல்டேஜைத் தாழ்த்தினால் பிராசஸர் பெருக்கலில் தப்புப் பண்ணும், அதைக்கொண்டு எஸ்.ஜி.எக்ஸ். என்ற ரகசியப் பெட்டகத்தின் சாவியைக் கறக்கலாம். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் இதைச் செய்ய, கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் திருடன் கைக்கு முதலில் வந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டவனுக்குப் பயந்து ஃபேன் ரெகுலேட்டரைப் பிடுங்கிய கதை இது. நண்பர் அந்தப் பெட்டகத்தைத் தொட்டதேயில்லை. இதில் வேடிக்கை, 11-ம் தலைமுறை கோர் பிராசஸர்களிலிருந்து எஸ்.ஜி.எக்ஸையே இன்டெல் கைவிட்டுவிட்டது. பெட்டகம் போயிற்று, பல லேப்டாப்புகளில் பூட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

'அவங்க கையில குடுத்தா கெடுத்துக்குவாங்க' என்பது அடுத்த வாதம். வோல்டேஜை ஏற்றினால் கெடும், ஒப்புக்கொள்கிறேன். மேலே ஒரு எல்லை போடுங்கள். அளவுக்கு மீறி இறக்கினால் மெஷின் தொங்கும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போகும். மென்பொருளில் செய்த மாற்றம் என்றால் ஆஃப் செய்து ஆன் செய்ததும் பழையபடி ஆகிவிடும். பெட்டகம் வேண்டும் என்கிற பாங்க்குக்குப் பூட்டைக் கொடுங்கள். எனக்கு, எச்சரிக்கை வாசகத்தோடு ஒரு ஸ்விட்ச் கொடுங்கள்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு உதாரணம் உண்டு. பாட்டரி நைந்த பழைய ஐபோன்களைத் தானே மெதுவாக்கிக்கொண்டிருந்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஊர் சிரித்தது. 2018 மார்ச்சில், வேண்டாதவர்கள் அதை நிறுத்திக்கொள்ள வசதி வந்துவிட்டது. வாடிக்கையாளரிடம் சொல்லாததற்காக 2020-ல் பிரெஞ்சு அரசு 2.5 கோடி யூரோ அபராதமும் போட்டது. புதுச்சேரியில் இன்னமும் ஆயிரக்கணக்கில் இருக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் 'ரிப்பேர் உரிமை'க்கென்று ஒரு தளம் திறந்தது. உதிரி பாகம், சர்வீஸ் விவரம் எல்லாம் நுகர்வோருக்குக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். வாங்கியபோது இருந்த ஒரு வசதியை அப்டேட் என்ற பெயரில் பிடுங்கக்கூடாது, பிடுங்கினால் பழைய பயாஸுக்குத் திரும்ப வழி வேண்டும் என்று இரண்டு வரி அதில் சேர்க்கட்டும்.

அதுவரை நண்பரின் லேப்டாப், அடியில் நாலு சோடா மூடிகளோடு டேபிள் ஃபேன் எதிரில் உட்கார்ந்திருக்கிறது.