மாதா பாட்டுக்கு அழுகிறதில என்ன பிழை?

ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கேக்க எங்கட பாடகர் குழுவுக்குள்ள ஒரு சண்டை. காரணம் ஒரு பாட்டு. யூடியூப்பில இருந்து இறக்கின புது மாதா பாட்டு, கூடவே அதின்ட மைனஸ் ட்ராக். தொடக்கத்தில புல்லாங்குழல், பிறகு வயலின், பிறகு ஒரு பெண்குரல் மெதுவா அம்மாவைக் கூப்பிடும். கேட்டவுடனேயே எங்களில பாதிப் பேருக்குக் கண் கலங்கிட்டுது. திருவிருந்து நேரம் இதைத்தான் பாடுறது எண்டு முடிவும் எடுத்தாச்சு. அப்பதான் கனகாலமா எங்களோட பாடுற ஒரு அன்ரி கேட்டா: "பிள்ளையள், நன்மை எடுக்கப் போகேக்க ஏன் தாலாட்டுப் பாடுறியள்?"

அண்டைக்கு நாங்கள் மறுமொழி சொல்லேல்ல. பழைய ஆக்கள் இப்படித்தான் எண்டு சிரிச்சுக் கொண்டு விட்டிட்டம். ஆனால் கேள்வி எங்களை விடேல்ல.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாட்டுகள் எங்களுக்குப் பிடிக்கும். பரீட்சைக் காலத்தில் விடுதியில் இரவிரவாக இயர்ஃபோனில் கேட்கிறோம். தாய் குவைத்திலோ கட்டாரிலோ வேலை செய்ய, அம்மம்மாவோடு வளர்ந்த பிள்ளைகள் எங்களுக்குள் இருக்கிறார்கள். மடி, தாலாட்டு, முந்தானை என்ற சொற்கள் அவர்களுக்கு வெறும் அலங்காரமில்லை. ஆகவே இந்தப் பாட்டுகளைக் கேட்டு அழுகிறவர்களை நக்கலடிக்கிற கட்டுரை இதுவல்ல.

பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் குற்றச்சாட்டு, "சினிமா மெட்டு" என்பது. இது எங்களுக்குப் பெரிய நியாயமாகப் படவில்லை. எங்கட கரையோரக் கோயில்களில் பழைய பாட்டுகள் பலதும் கூத்து மெட்டிலும் கீர்த்தனை மெட்டிலும்தான் நிற்கின்றன. அவையும் ஒரு காலத்தில் கோயிலுக்கு வெளியே இருந்து வந்தவைதானே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடும், மக்களுடைய சொந்த இசை மரபுக்கு உரிய இடம் கொடுக்கச் சொல்கிறது. கீபோர்ட் வந்ததாலேயோ வயலின் உருகுவதாலேயோ ஒரு பாட்டு வழிபாட்டுக்கு ஆகாமல் போய்விடாது.

அழுகையும் எங்கட கோயிலுக்குப் புதுசில்லை. ஒல்லாந்தர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுல பிரசங்கம், தவக்காலத்தில் இராகம் போட்டு வாசிக்கப்படுவதைக் கேட்டுத்தான் எங்கட அம்மம்மாக்கள் வளர்ந்தார்கள். வாசிக்கிறவரின் குரல் உடையும். கேட்கிறவர்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். அதைவிட உணர்ச்சியான ஒன்றை எங்கட தலைமுறை இன்னும் எழுதவில்லை.

அப்ப எங்கதான் பிரச்சினை? அந்தக் கண்ணீர் யாருக்காக என்பதில்தான். வியாகுல பிரசங்கத்தில் மகன் கொல்லப்படுகிறான். தாய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கேட்கிறவர் தன்னுடைய துக்கத்தோடு வந்தாலும், அவளுடைய துக்கத்துக்குள்ளும் நுழைகிறார். புதுப் பாட்டுகள் பலதில் மாதாவுக்கென்று ஒரு துக்கமும் இல்லை. மகன்கூட இல்லை. அழுகிறது நான், அணைக்கிறது அவள், அதோடு பாட்டு முடிஞ்சுது.

எங்கட கொப்பியில் இருந்த பாட்டுகளில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தோம். மரியா, மாதா என்ற பெயர்களை எடுத்துவிட்டு வாசித்தால் என்ன மிஞ்சும்? பலது அப்படியே அன்னையர் தினத்துக்குப் போடக்கூடிய பாட்டுகள். இன்னும் சிலதை ஒரு படத்தில் அம்மா செத்த காட்சிக்கு வைக்கலாம். சில பாட்டுகளில் இயேசு என்ற சொல் ஒருக்காலும் வரவில்லை. யோவான் நற்செய்தியில் மரியா கடைசியாகப் பேசுவது கானாவூர்க் கல்யாணத்தில். அங்கே மகன் சொல்வதைச் செய்யச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிவிடுகிறார். அவரைப் பற்றிய பாட்டு அவரோடேயே நின்றுவிட்டால், அவர் கைகாட்டிய பக்கம் நாங்கள் திரும்பவில்லை என்றுதானே அர்த்தம்?

திருச்சபை இதை முன்னமே யோசித்திருக்கிறது. மேலே சொன்ன 1963ஆம் ஆண்டு ஏடு, பாடல் வரிகள் கத்தோலிக்கப் போதனைக்கு ஒத்ததாக, முக்கியமாக வேதாகமத்திலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்கிறது. 1964இல் வந்த திருச்சபை பற்றிய ஏட்டின் எட்டாம் அதிகாரம், மரியா மீதான உண்மையான பக்தி பலனில்லாத, வந்து மறைகிற உணர்ச்சியில் இல்லை என்கிறது. உணர்ச்சியே கூடாது என்று அது சொல்லவில்லை. பலன் தராத உணர்ச்சியைத்தான் குறை சொல்கிறது.

அடுத்தது இடம். திருவிருந்துப் பாட்டு பாடப்படுவதே, நன்மை எடுக்கப் போகிற எல்லாரும் ஒரே குரலாகட்டும் என்பதற்காக. மைனஸ் ட்ராக்கோடு ஒராள் தனியாகப் பாட, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு வரிசையில் போனால், நாங்கள் சபையைக் கச்சேரி கேட்க வந்த கூட்டமாக மாற்றிவிடுகிறோம். அதே பாட்டு நவநாளில், கெபியடியில், இரவுப் பவனியில் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! அன்ரியின் கேள்வி பாட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை. ஏன் இந்த நேரத்தில் என்றுதான் கேட்டது.

ஆனால் எங்களைக் கூடுதலாக உறுத்துவது வேறொன்று. லூக்கா நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில் மரியாவே ஒரு பாட்டுப் பாடுகிறார். அதில் தாலாட்டு இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் இறக்கப்படுகிறார்கள், பசித்தவர்கள் நிறைகிறார்கள், பணக்காரர் வெறுங்கையோடு போகிறார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் மரியன்னை வணக்கம் பற்றி எழுதிய மடலில், மரியா பயந்து அடங்கிப்போன பெண்ணல்ல, வறுமையும் துன்பமும் ஓட்டமும் அகதி வாழ்வும் கண்ட பெண் என்று சொல்கிறார்.

இதை இலங்கைத் தமிழருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மடு மாதாவின் சொரூபம், ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய குடும்பங்கள் தூக்கிக்கொண்டு போனது என்பதுதான் எங்கட மரபு. 2008 ஏப்ரலில், சண்டைக்கு நடுவில், அதே சொரூபம் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. எங்கட மாதாவே அகதியாக ஓடினவ. கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் குந்தினார்கள். கையில் பிள்ளையின் படம், வாயில் ஒரே கேள்வி. சிலுவையடியில் நின்ற தாயை அவர்களுக்குத் தெரியும். எங்கட புதுப் பாட்டுகளில் அந்தத் தாய்க்கு இடம் இருக்கிறதா? எல்லாம் சரியாகிவிடும் என்று தலையைத் தடவுகிற பாட்டை மட்டும் அந்த அம்மாக்களுக்கு முன்னால் பாட எங்களுக்கு வாய் வருமா?

வருகிற விழாக்களுக்கு எங்கட பரிந்துரை பெரிசா ஒண்டும் இல்லை. உருகிற பாட்டுகள் இருக்கட்டும், பவனியிலும் நவநாளிலும். திருப்பலிக்கு, சபை முழுக்கப் பாடக்கூடிய பாட்டுகள். மரியாவின் அந்த லூக்காப் பாட்டை ஒவ்வொரு பங்கும் ஒரு மெட்டிலாவது பாடமாக்கட்டும். முக்கியமா, புதுசா எழுதுங்கோ. தமிழ் படிக்கிறம், இசை படிக்கிறம் எண்டு இவ்வளவு பேர் இருக்கிறம். ஓடின மாதாவை, தேடுற மாதாவை, எழும்பி நிண்டு பாடின மாதாவை யாராவது எழுதினால் நாங்கள் பாடத் தயார்.

அந்தத் திருவிழாவில திருவிருந்துக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய நற்கருணைப் பாட்டு ஒண்டைப் பாடினம். கோயில் முழுக்கப் பாடிச்சுது. புதுப் பாட்டு இரவுப் பவனிக்குப் போச்சு. சொரூபம் எங்களைத் தாண்டிப் போகேக்க திரும்பிப் பார்த்தம். அன்ரியும் அழுதுகொண்டுதான் நிண்டவ.