கிள்ளிப் பார்த்தால் போதாது

எண்டோஸ்கோபியில் தட்டுப்படும் இரைப்பைப் பாலிப்புகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுவோருக்கு வரும் சின்னஞ்சிறு பாலிப்புகளை வெட்ட வேண்டியதில்லை. ஹெலிகோபாக்டர் கிருமியோடு சேர்ந்து வருபவற்றில் பல, கிருமி ஒழிந்ததும் தாமே சுருங்கிவிடும். ஆனால் அரிய வகைப் பாலிப் ஒன்று இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் கதை வேறு. அங்கே ஒரு துணுக்கைக் கிள்ளிப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. எண்டோஸ்கோபி வழியாகவே முழுதாக அகற்றி, முழுதாகப் பரிசோதிக்க வேண்டும்.

1949-இல் வானெக் என்பவர் விவரித்த அழற்சி நார்ப் பாலிப்பையே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு, இரைப்பையின் கீழ்ப்பகுதியில் வருவது. அது மேற்சவ்வுக்கு அடியில் உள்ள அடுக்கில் முளைக்கிறது. பயாப்ஸி இடுக்கியில் சிக்குவதோ பெரும்பாலும் மேற்சவ்வு மட்டுமே. ஆகவே ‘சாதாரண அழற்சி’ என்று அறிக்கை வந்துவிடுகிறது, கட்டி எதுவென்று தெரியாமலே. பார்வைக்கு அது இரைப்பைச் சுவரில் வளரும் ‘ஜிஸ்ட்’ என்ற கட்டியைப் போலவும் இருக்கும். ஜிஸ்ட் கல்லீரலுக்குப் பரவக்கூடியது. வானெக் பாலிப் பரவாது. ஜிஸ்டில் பெரும்பாலும் காணப்படும் சி.டி.117 என்ற புரதம் இதில் இருப்பதில்லை. இதை உறுதிசெய்யப் போதிய திசு கையில் இருக்க வேண்டும். புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப்பிலும் இதே சிக்கல்தான். கிள்ளிய துணுக்கில் மிதமாகத் தெரிந்த மாற்றம், முழுப் பாலிப்பையும் ஆராயும்போது தொடக்கநிலைப் புற்றுநோயாக வெளிப்படுவதுண்டு.

தீங்கற்றதென்றால் விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். தீங்கற்றது என்பதே எடுத்துப் பார்த்த பிறகுதான் உறுதியாகிறது. தவிர, பெரிய பாலிப் இரைப்பையின் வாயிலை அடைத்து வாந்தியை உண்டாக்கலாம்; மெல்ல மெல்ல ரத்தம் கசிந்து சோகையில் கொண்டுபோய் விடலாம். ரத்தப்போக்கும் இரைப்பையில் துளை விழுவதும் எண்டோஸ்கோபி வழியாக அகற்றுவதன் ஆபத்துகள் என்ற எதிர்வாதம் வலுவானது. அதை மறைத்துப் பேசுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ஆனால் பெரும்பாலான ரத்தப்போக்கைக் கிளிப் போட்டோ சூடுவைத்தோ உள்ளிருந்தே நிறுத்த முடிகிறது. எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டு மூலம் கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்கலாம். தசை அடுக்கிலிருந்து எழுந்திருந்தால் அறுவை மருத்துவரிடம் அனுப்புவதே முறை. 1990-களில் ஜப்பானில் உருவான, அடிச்சவ்வோடு ஒரே துண்டாக உரித்தெடுக்கும் நுட்பத்துக்கு நீண்ட பயிற்சி தேவை. அந்தப் பயிற்சி இல்லாத இடத்தில் முயல்வதைவிட, தேர்ந்தவர் இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பது நல்லது. இத்தனைக்கும் மாற்று என்ன? வயிற்றைத் திறந்து இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டுவது. தீங்கற்ற ஒரு கட்டிக்கு அது மிகப் பெரிய விலை.

எடுத்த பாலிப்பை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விட்டால் இத்தனை பாடும் வீண். வெட்டிய விளிம்பில் மிச்சம் இருக்கிறதா என்பதை அறிக்கை சொல்ல வேண்டும். பாலிப்பைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தும் துணுக்குகள் எடுத்து, கிருமியும் சவ்வு மெலிவும் உண்டா என்று பார்க்க வேண்டும். அடினோமா பெரும்பாலும் மெலிந்த சவ்வில்தான் முளைக்கிறது, மறுபடி எப்போது எண்டோஸ்கோபி செய்வது என்பதையும் அந்த விடையே தீர்மானிக்கிறது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு.