அந்த முதற்காட்சியை வெட்டச் சொல்லமாட்டேன்



நம் பங்கின் மாணவர் ஐவர், பள்ளிக் குழுப்பணிக்காகக் குறும்படம் ஒன்றின் தொடக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். இரண்டே நிமிடம். இரவு வேலை முடிந்து தந்தை கதவைத் திறக்கிறார், மகள் பள்ளிக்குப் புறப்படுகிறாள், இருவரும் பேசுவதில்லை. மேசையில், மூடிவைத்த இடியப்பத் தட்டு. அதன்மேல் படத்தின் பெயர் எழுகிறது.

யாருடைய கதை, எதற்கான ஏக்கம் என்பதை உரையாடலின்றி உணர்த்துவதே தொடக்கக் காட்சியின் வேலை. அதை ஒரு தட்டினால் செய்துவிட்டார்கள். (வயலின் இசைதான் சற்று அதிகம், அவர்களிடமே சொல்லிவிட்டேன்.)

"நம் வீட்டைச் சந்திக்கு இழுக்கிறார்கள், அதை நீக்கச் சொல்லுங்கள் சுவாமி" என்கின்றனர் சில பெற்றோர். சொல்லமாட்டேன். லெனின் எம். சிவம் 2009இல் '1999' என்னும் படத்தில் ரொறன்ரோத் தமிழ் இளைஞரின் குழுச் சண்டைகளையே காட்டினார். 2013இல் அவரது 'எ கன் அண்ட் எ ரிங்' ஷாங்காய் திரைப்பட விழாவில் போட்டியிட்டபோது பெருமை கொண்டோம். நம் சமையலறைக்குள் கமரா வந்ததும் ஏன் கூசுகிறோம்?

தந்தை வேடத்துக்கு எவரும் இணங்காததால், 17 வயது மாணவன் ஒருவன் மீசை ஒட்டி நடித்திருக்கிறான். சனிக்கிழமை அக்காட்சியை மீண்டும் படமாக்குகிறார்கள். உண்மையான தந்தை ஒருவர் தேவை.