கடைசிப் படியில் கைவிடலாமா?

‘நான் விமானி ஆக வேண்டும்’ என்று பிளஸ் டூ படிக்கும் ஒரு தலித் மாணவி சொன்னால், நம் காலனிகளில் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ‘அதெல்லாம் நமக்கெதுக்கும்மா’ என்பது ஒன்று. ‘அதுக்கு அரைக்கோடி ஆகுமே, எங்கே போறது?’ என்பது இன்னொன்று. முதல் பதிலை நாம் ஏற்கத் தேவையில்லை. இரண்டாவது பதிலில் உண்மை உண்டு. ஆனால் பணத்தைப் புரட்டி, வெளிநாடு சென்று, உரிமமும் வாங்கித் திரும்பிய பிறகும் நம் பிள்ளைகளை வழிமறிக்கும் ஒரு கதவு இருக்கிறது. அதைப் பற்றி நம்மிடையே யாரும் பேசுவதில்லை. வெளிநாட்டு உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றும் நடைமுறைதான் அந்தக் கதவு.

அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமம் வாங்கிய ஓர் இந்தியர், அதைக் காட்டி இங்குள்ள விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. தன் குடிமகனுக்கு இன்னொரு நாடு கொடுத்த உரிமத்தை, தன் வான்பரப்பில் பறப்பதற்கு ஏற்க மறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்கிறது அதன் 32-வது பிரிவு. எனவே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் உரிமத்தை மாற்றியாக வேண்டும்.

அதற்கு என்னவெல்லாம் வேண்டும்? 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். முதல்நிலை மருத்துவத் தகுதி வேண்டும். இந்திய விமானப் போக்குவரத்து விதிகள் உள்ளிட்ட எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீத மதிப்பெண் வேண்டும். வானொலித் தொடர்புக்குத் தனி உரிமம் வேண்டும். வெளிநாட்டு உரிமம் உண்மையானதுதான் என்று அதைக் கொடுத்த நாடே உறுதி செய்ய வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தலைமை விமானியாகப் பறந்ததாக இருக்க வேண்டும். சில நாடுகளில் அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் 150 மணி நேரத்திலேயே உரிமம் கிடைத்துவிடும். ‘சீக்கிரம் முடியும், செலவும் குறைவு’ என்று முகவர் சொல்வதை நம்பிப் போகிறவர், ஊர் திரும்பிய பிறகுதான் 50 மணி நேரம் குறைகிறது என்று தெரிந்துகொள்கிறார்.

இவற்றில் ஏழைப் பிள்ளைகளை அதிகம் வதைப்பது வேறொரு விதி. தலைமை விமானியாகப் பறந்த அந்த 100 மணியில் 15 மணியாவது, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் தேர்வுக்குக் காத்திருக்கும்போதும், சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருக்கும்போதும் இந்த 6 மாதம் கரைந்துகொண்டே இருக்கும். கரைந்து முடிந்தால், மீண்டும் ஒரு பயிற்சிப் பள்ளியில் மணிக் கணக்கில் பணம் கட்டிப் பறக்க வேண்டும். சோதனைப் பறத்தலையும் திரும்பச் செய்ய நேரும். இதற்கான செலவு லட்சங்களில் போகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு எரிச்சல். கடன் வாங்கிப் படித்த கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கோ அதோடு கனவே முடிந்துவிடும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது? பல நேரம் பெயரிலிருந்தே வருகிறது. மதிப்பெண் பட்டியலில் ஒரு முதலெழுத்தோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் அப்பா பெயரையும் சேர்த்து இருக்கும். வெளிநாட்டு உரிமத்தில் அப்பா பெயரே முன்னால் வந்து நிற்கும். சாதிச் சான்றில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுதத் தேவையான கணினி எண்ணைப் பெறுவதற்கே, பிளஸ் டூ சான்றைத் தேர்வு வாரியம் சரிபார்த்துக் கொடுத்தாக வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்கும் குடும்பத்தில் இதையெல்லாம் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? சித்தப்பா விமானியாக இருந்தால் சொல்லியிருப்பார். நம் சித்தப்பாக்கள் செங்கல் சூளையில் இருக்கிறார்கள்.

அரசு உதவி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இந்த இடத்துக்கு அது வந்து சேர்வதில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானி பயிற்சி நீண்டகாலமாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அது இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை வெளிநாட்டுப் படிப்புக்குத்தான். ஆனால் அது முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் அப்படியே. விமானி பயிற்சி பட்டப்படிப்பு அல்ல என்பதால், வெளிநாட்டில் பறக்கப் பழகும் தலித் மாணவர் எந்தத் திட்டத்துக்குள்ளும் வருவதில்லை. உரிமத்தை மாற்றும் செலவுக்கோ ஒரு திட்டமும் இல்லை.

மிச்சமிருப்பது வங்கிக் கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் கேட்டால் வங்கிகள் வழக்கமாகச் சொத்து ஈடு கேட்கும். நம்மில் பெரும்பாலோரிடம் நிலம் இல்லை. இருப்பது காலனி வீடு. அதற்கும் கையில் இருப்பது பல இடங்களில் நிபந்தனைப் பட்டா. அதை நீட்டி அரைக்கோடி கேட்க முடியுமா?

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-ல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். பரோடாவில் உயர் பதவியில் சேர்ந்தும் தங்க ஓர் இடம் கிடைக்காமல் அவமானப்பட்டு வெளியேறினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தும், பிறர் உதவி பெற்றும்தான் 1920-ல் மீண்டும் லண்டன் போக முடிந்தது. பாதியில் நிற்கும் உதவி எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

‘விமானம் ஓட்டுவதில் சலுகை கேட்கிறீர்களா? பயணிகளின் உயிர் என்னாவது?’ என்று சிலர் கேட்பார்கள். நாம் அப்படி ஒரு சலுகையைக் கேட்கவே இல்லை. 2011-ல் போலி மதிப்பெண் சான்றுகளைக் காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டார்கள். எனவே சரிபார்ப்பு கடுமையாக இருக்கட்டும். 70 மதிப்பெண் 70 ஆகவே இருக்கட்டும். 200 மணியில் ஒரு நிமிடம்கூடக் குறைய வேண்டாம். அந்தத் தகுதியை அடைவதற்கான பணமும் தகவலும் சாதி பார்த்துப் பங்கிடப்பட்டிருக்கிறதே, அதைச் சரிசெய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

உரிமம் மாறினாலும் போராட்டம் முடிவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை அங்கே இடஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரி 27-ல் அது டாடா குழுமத்தின் கைக்குப் போனது. தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு இல்லை. 2025 ஜூனில், ஒரு பெரிய தனியார் விமான நிறுவனத்தின் பயிற்சி விமானி, சாதியைச் சொல்லித் தன்னை இழிவுபடுத்தினார்கள் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்தார். நிறுவனம் அதை மறுத்தது. வழக்கின் முடிவு எதுவானாலும் ஒன்று தெளிவு. விமானி அறைக்குள் நம்மவர்கள் ஒருவர் இருவராக இருக்கும்வரை, அவர்களுக்குத் துணையாகப் பேச அங்கே யாரும் இருக்கப்போவதில்லை.

அண்டை மாநிலமான கேரளம் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. ‘விங்ஸ்’ என்ற திட்டத்தின் மூலம் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி விமானப் பயிற்சி நிறுவனத்தில் அரசுச் செலவில் விமானி பயிற்சிக்குச் சேர்த்திருக்கிறது. ஒடிசாவின் மல்கான்கிரியில் ஒரு காவலரின் மகளான ஆதிவாசிப் பெண் அனுப்பிரியா லக்ரா 2019-ல் விமானி ஆனார். அங்கே முடிகிறதென்றால் இங்கே ஏன் முடியாது?

தமிழக அரசிடமும் தாட்கோவிடமும் நாம் கேட்பவை நான்கு. ஒன்று, அயலக உதவித்தொகைத் திட்டத்தில் விமானி பயிற்சியையும் சேர்க்க வேண்டும். இரண்டு, வெளிநாட்டு உரிமத்தோடு திரும்பும் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குத் தேர்வு, மருத்துவச் சோதனை, சோதனைப் பறத்தல் ஆகியவற்றின் செலவை அரசே ஏற்க வேண்டும். மூன்று, சொத்து ஈடு இல்லாத கடனுக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும். நான்கு, பிளஸ் டூ சான்று சரிபார்ப்பையும் பெயர்த் திருத்தத்தையும் குறித்த நாட்களுக்குள் முடித்துத் தர ஓர் அலுவலர் வேண்டும். விமான நிலையப் பணிகளுக்கு நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர முடிகிற தாட்கோ, விமானி இருக்கைக்கும் அவர்களைத் தயார் செய்யட்டும்.

மாணவர்களுக்கும் சில வார்த்தைகள். பிளஸ் ஒன்னில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே இயற்பியலையும் கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள். விட்டவர்கள் தேசியத் திறந்தவெளிப் பள்ளி மூலம் அந்தப் பாடங்களை எழுதலாம். யாருக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்பே முதல்நிலை மருத்துவச் சோதனையை முடியுங்கள். எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதிவிட்டே வெளிநாடு கிளம்புங்கள். அப்போது அந்த 6 மாதக் கணக்கு உங்களை விரட்டாது. முகவர் காட்டும் வண்ணத் தாளை நம்பாமல், டி.ஜி.சி.ஏ.வின் விதியையே நேரடியாகப் படியுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் மகள் விமானி ஆக வேண்டும் என்று சொன்னால் ‘நமக்கெதுக்கு’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்வியை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாள் கூட்டத்துக்கு மனுவாக எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மனு சேர்கிறதோ, அத்தனை சீக்கிரம் அந்தக் கதவு திறக்கும்.