சனிக்கிழமை வாத்தியார்கள்



பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சனி, ஞாயிறு என்று தனியாக எதுவும் கிடையாது. காலையில் ட்யூஷன், மத்தியானம் மாதிரித் தேர்வு, சாயங்காலம் மறுபடி ட்யூஷன்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருக்கும் எம்.ஐ.டி.யிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு உண்டு. ஆனால் ஜாதியே வேறு. 1957இல் அங்கே படித்த மாணவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றும் மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். 1988இல் அதிலிருந்து கிளைத்தது ‘ஸ்பிளாஷ்’. நவம்பரில் ஒரு வார இறுதி, இரண்டே நாள், நூற்றுக்கணக்கான வகுப்புகள். மேல்வகுப்புப் பிள்ளைகள் யாரும் வரலாம். ஓர் அறையில் குவாண்டம் இயற்பியல், இன்னோர் அறையில் பின்னல் வேலை. எதை நடத்துவது என்பது நடத்துகிறவர் பாடு, எதில் உட்காருவது என்பது பிள்ளைகள் பாடு. மதிப்பெண் கிடையாது. சிறு கட்டணம் உண்டு. கட்ட முடியாதவர்களுக்கு விலக்கும் உண்டு.

அந்த வளாகத்தில் கட்டடங்களுக்குப் பெயரைவிட எண்தான் புழக்கம். 26-100 என்றால் 26ஆம் கட்டடத்தின் 100ஆம் அறை. ஒரு பள்ளிப் பிள்ளை இந்த எண்களை வைத்துக்கொண்டு தானே அறை தேடிப் போவதே பாதிப் படிப்பு என்பேன்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகமும் 1958 முதல் சனிக்கிழமை அறிவியல் வகுப்பு நடத்துகிறது. சோவியத் யூனியனின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேலே போன மறு வருஷம் அது. அதில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துச் சொல்லிக்கொடுப்பதில் தப்பில்லை. இருந்தாலும் வாரம் முழுக்கப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குச் சனிக்கிழமை வாசலிலும் ஒரு பரீட்சையா? என் மனசு எம்.ஐ.டி. பக்கம்தான். இன்னொரு காரணமும் உண்டு. அங்கே சொல்லிக்கொடுப்பவருக்குப் பத்தொன்பது, இருபது வயது. தான் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றோம் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

நம் கல்லூரிகளில் இது முடியாதா? நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேருகிற மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். மரக்கன்று நடட்டும், தெரு கூட்டட்டும். அதில் பத்து மணி நேரத்தைப் பக்கத்து அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கு ஒதுக்கலாமே! ஆய்வகம்கூட வேண்டாம், சாக்பீஸ் போதும். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்த 6174 ஒன்றே ஒரு மணி நேரம் ஓடும். 3524 என்று யாராவது சொல்லட்டும். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள்: 5432இல் 2345 போனால் 3087. அதையே மறுபடி செய்தால் 8352. இன்னொரு தடவை, 6174. அதற்கப்புறம் எத்தனை தடவை கழித்தாலும் 6174தான். நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு தடவைக்குள் இங்கே வந்துவிடும். ஏன் என்று ஒரு பெண் கேட்டுவிட்டால் அடுத்த சனிக்கிழமைக்குப் பாடம் தயார்.

வகுப்பைப் பள்ளிக்குக் கொண்டுபோவதைவிடப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அழைத்து வருவது மேல். வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளை அந்த பெஞ்சில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். எனக்குள்ள பயம் ஒன்றுதான். பேனர், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பொன்னாடை என்று தொடக்க விழாவே மதியச் சாப்பாடு வரை இழுத்துவிடக் கூடாது.

கல்லூரியில் படிக்கிற வாசகர்களே, உங்களிடம் ஒரு மணி நேரமும் முப்பது பிள்ளைகளையும் ஒப்படைத்தால் எதை நடத்துவீர்கள்? பரோட்டா மாவு ஏன் அப்படி இழுபடுகிறது என்பதாகவும் இருக்கலாம், உங்கள் ஊர்க் கல்வெட்டாகவும் இருக்கலாம். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். நன்றாக இருப்பவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். பாடத்திட்டத்தில் இருப்பது மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்