லாரி புறப்படும் முன்

வங்கிப் பணியில் இருந்தவர்களுக்கு இடமாற்றம் புதிதன்று. முப்பத்து நான்கு ஆண்டுக்காலப் பணியில் நான் ஒன்பது முறை வீடு மாறியிருக்கிறேன். அவற்றுள் ஏழு, மாநில எல்லையைக் கடந்தவை. முதல் மூன்று முறை சாமான்களைக் கட்டியவர்கள் நானும் என் மனைவியும்தான். பழைய செய்தித்தாள்களும் கோணிப்பைகளும் சணல் கயிறும் போதுமானவையாக இருந்தன. பின்னர் ‘பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்’ என்னும் பெயர்ப்பலகைகள் ஊர்தோறும் முளைத்தன. வசதி பெருகியது உண்மை. ஆனால், வீட்டுக் கடன் பத்திரத்தைப் படிக்கிறாரோ இல்லையோ, அதன் நகலையேனும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளர், அந்த வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள் அனைத்தையும் கைப்பேசியில் வந்த இரண்டு வரித் தகவலை நம்பி முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

நானும் அவ்வாறு ஒப்படைத்தவனே. 2014ஆம் ஆண்டு இந்தூரிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு மாற்றலானபோது, நான்கு நிறுவனங்களிடம் கட்டணம் கேட்டு, மிகக் குறைவாகச் சொன்னவரைத் தேர்ந்தெடுத்தேன். பேசிய தொகை ரூ.38,000, முன்பணம் ரூ.10,000. வீட்டுக்கு வந்து எவரும் பொருள்களைப் பார்வையிடவில்லை. தொலைபேசியிலேயே எல்லாம் முடிந்தது. ஒன்பதாம் நாள் லாரி வாசலில் வந்து நின்றது. ஆனால் அதன் கதவு திறக்கப்படவில்லை. “சாமான்கள் சொன்னதைவிட அதிகம், இன்னும் ரூ.14,000 கொடுத்தால்தான் இறக்குவோம்” என்றார்கள். எவ்வளவு சொன்னோம் என்பதற்கு என்னிடம் எழுத்து வடிவில் எதுவும் இல்லை. மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் உள்ளே ஒரு பெட்டியில் இருந்தன; கல்லூரிச் சேர்க்கைக்கு மூன்று நாள்களே இருந்தன. பணத்தைக் கொடுத்தேன். பணம் போனதைக் காட்டிலும், புதிய ஊரின் அண்டை வீட்டார் எங்களை முதன்முதலாகத் தெருவில் நின்று பேரம் பேசுபவர்களாகப் பார்த்ததே நெடுநாள் உறுத்தியது.

அன்று நான் ஏமாந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்நிறுவனத்தின் அட்டையில் ‘ஐ.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்று அச்சிடப்பட்டிருந்தது. வங்கியில் பணியாற்றிய நானே அதைத் தரச்சான்று என்று எண்ணினேன். இந்திய வங்கிகள் சங்கம் லாரி நிறுவனங்களின் பட்டியல் ஒன்றைப் பேணி வருவது உண்மைதான். அதன் நோக்கம் வேறு. வணிகர் ஒருவர் சரக்கை லாரியில் ஏற்றியபின், லாரி ரசீதையும் விற்பனைப் பட்டியலையும் வங்கியில் ஒப்படைத்து அவற்றின் பேரில் பணம் பெறுகிறார். போலி ரசீதை நம்பி வங்கி பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, எவருடைய ரசீதை ஏற்கலாம் என்று வங்கிகளுக்குச் சொல்வதற்கு உருவானதே அப்பட்டியல். உங்கள் கண்ணாடி அலமாரியை எவ்வளவு பக்குவமாகச் சுற்றுவார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மேலும், அட்டையில் அச்சிட்டுக்கொள்பவர் எல்லோரும் பட்டியலில் இருப்பவரும் அல்லர். பெயர் இருக்கிறதா, இன்றைய தேதியில் நடப்பில் உள்ளதா என்பதைச் சங்கம் வெளியிடும் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். புகழ்பெற்ற பெயருக்கு முன்னோ பின்னோ ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு தொழில் நடத்துவோர் இத்துறையில் ஏராளம்.

இங்கே எங்கள் இனத்தாரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அலுவலகம் இடமாற்றச் செலவைத் திருப்பித் தரும்போது, மேற்படி பட்டியலில் உள்ள நிறுவனத்தின் ரசீதைக் கேட்பது பல இடங்களில் வழக்கம். அதனால் “பில் மட்டும் வேண்டுமா, சார்?” என்று கேட்கும் வியாபாரம் ஒன்று கிளைத்துவிட்டது. ஓடாத லாரிக்கு ரசீது வாங்கியவர்கள் வேலையிழந்ததும் உண்டு. பொய் ரசீது விற்பவரிடமே உண்மையான சாமான்களையும் ஒப்படைத்துவிட்டு, அவர் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்று வருந்துவதில் என்ன பொருள் இருக்கிறது?

காப்பீட்டுக்கு வருகிறேன். ஏமாற்றம் மிகுதியாக நடப்பது இங்கேதான் என்பது என் கருத்து. அன்றைய பட்டியலில் ‘இன்சூரன்ஸ் 3 சதவீதம்’ என்று ஒரு வரி இருந்தது; அதையும் செலுத்தியிருந்தேன். குளிர்பதனப் பெட்டியின் கதவு நசுங்கி வந்தபோது பாலிசி எண்ணைக் கேட்டேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. காப்பீடு வழங்கும் உரிமை, ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவு பெற்ற காப்பீட்டு நிறுவனங்களுக்கே உண்டு. சாமான்களை ஏற்றிச் செல்பவர் தாமே வசூலிக்கும் தொகை, ‘எஃப்.ஓ.வி.’ என்று வேறு பெயரில் எழுதப்பட்டாலும், அவர் தரும் வாக்குறுதிக்கான கட்டணமே. ஆகவே லாரி புறப்படும் முன், உங்கள் பெயரில், பயணத் தேதியும் வழியும் பொருள்களின் மதிப்பும் குறித்த பாலிசியைக் கையில் வாங்கிவிடுங்கள். பாலிசி எண் கிடைத்தால் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தை நீங்களே அழைத்துச் சரிபார்க்க முடியும்.

மதிப்பைக் குறைத்து எழுதும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பிரீமியம் சில நூறு ரூபாய் குறையும் என்று, ஐந்து லட்சம் பெறுமானமுள்ள பொருள்களுக்கு ஐம்பதாயிரம் என்று எழுதிக் கொடுக்கிறோம். 1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும், அதன்கீழ் 2011இல் வகுக்கப்பட்ட விதிகளும் இதில் தெளிவாக உள்ளன. சரக்கு வழியில் தொலைந்தாலோ சேதமுற்றாலோ, ஏற்றிச் சென்றவரின் பொறுப்பு பொதுவாகச் சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கு வரை; அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. கட்டணம் ரூ.20,000 என்றால் வரம்பு ரூ.2 லட்சம், மதிப்பு ரூ.50,000 என்று எழுதியிருந்தால் அதோடு சரி. அதற்கு மேல் பொறுப்பு வேண்டுமெனில், கூடுதல் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும்.

அதே சட்டம் நமக்குச் சாதகமாகவும் பேசுகிறது. இத்தொழிலுக்குப் பதிவுச் சான்று கட்டாயம்; சரக்கு ரசீது கொடுப்பதும் கட்டாயம். சேதத்துக்காக வழக்குத் தொடுக்கும்போது, ஏற்றிச் சென்றவரின் கவனக்குறைவை நாம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கெடு உண்டு: சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். ‘பார்க்கலாம், அனுப்புகிறோம்’ என்ற தொலைபேசிப் பேச்சிலேயே நான் அந்த ஆறு மாதங்களையும் கழித்துவிட்டேன்.

இன்றைய வாடிக்கையாளரின் நிலை என்னுடையதைவிட மேலானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் முறையிடலாம். நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டதாயின் மனுக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

ஆனால் புகாருக்கு உயிர் கொடுப்பது பொருள்களின் பட்டியல். அதை அவர்கள் எழுதட்டும் என்று விடாதீர்கள், நீங்கள் எழுதுங்கள். ‘பெட்டி 45’ என்பது பட்டியலன்று. பதினேழாம் பெட்டியில் மிக்சி, இரண்டு குக்கர், வெண்கல விளக்கு என்று இருக்க வேண்டும். தொலைக்காட்சியை இயக்கி ஒரு படம், மரச்சாமான்களின் மூலைகளை ஒரு படம் என எடுத்துவைத்து, பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் மேற்பார்வையாளரின் கையெழுத்தைப் பெறுங்கள். வீட்டுக்கு நேரில் வந்து பார்க்காமல் கட்டணம் சொல்பவரை, அவர் எவ்வளவு குறைவாகச் சொன்னாலும், விட்டுவிடுவதே நல்லது. தனி லாரியா, பிறர் சரக்கோடு சேர்த்து ஏற்றுவதா என்பதையும் கேளுங்கள். சேர்த்து ஏற்றினால் கட்டணம் குறையும்; வழியில் கிடங்கில் இறக்கி மாற்றும்போது பெட்டி தவறவும் கூடும். வழியிலிருந்து அழைத்து ‘இ-வே பில் செலவு’ என்று பணம் கேட்டால், பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்று சொல்லலாம்.

முன்பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். யு.பி.ஐ.யில் தனிநபர் பெயர் தோன்றினால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள். கொடுத்த பின் எண் அணைக்கப்பட்டுவிட்டால் காலந்தாழ்த்தாமல் 1930ஐ அழையுங்கள். மீதித் தொகையில் ஒரு பகுதியேனும் சாமான்கள் இறங்கிய பிறகே தரப்படும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் நிறுவனத்தாரைப் பற்றியது. மூன்றாம் மாடியிலிருந்து பீரோவை முதுகில் சுமந்து இறக்கும் தொழிலாளர்கள் வேறு. பேரத்தில் நாம் பிடித்தம் செய்யும் ஆயிரம் ரூபாய் பெரும்பாலும் ஓர் ஆளைக் குறைப்பதில் போய் முடிகிறது. நால்வர் தூக்க வேண்டியதை மூவர் தூக்கும்போதுதான் சுவரிலும் படிக்கட்டிலும் இடிபடுகிறது. என் கடைசி மாற்றலின்போது, மதியம் மூன்று மணி வரை உண்ணாமல் வேலை செய்தவர்களுக்கு என் மனைவி தயிர்சாதம் கொடுத்தார். பூசையறைப் படங்களை அவர்கள் துணிசுற்றித் தனியே வைத்தது ஒப்பந்தத்தில் எழுதப்படாத வேலை.

அந்தக் கடைசி மாற்றலில் நகைகள், கடவுச்சீட்டுகள், வைப்புத்தொகை ரசீதுகள், மகளின் சான்றிதழ்கள் ஆகியவை லாரியில் ஏறவில்லை. ஒரு தோல்பையில் இருந்தன. இரயிலில் இரவு முழுவதும் அதைத் தலையணையாக வைத்துக்கொண்டு வந்தேன்.